கொலுவுக்கு யாரைக் கூப்பிடுவது?

வாசகர் கேள்வி – பதில்

நவராத்திரி வரப்போகிறது என்றால் இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்களின் வாசனையே மாறிவிடும். இந்த முறை கொலு பற்றி வந்தவற்றை மட்டும் எடுத்துக்கொண்டேன். மற்ற கேள்விகளை அனுப்பியவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள், அடுத்த இதழில் வந்துவிடும்.

கேள்வி: 84 வீடுகள் இருக்கும் அடுக்குமாடிக் குடியிருப்பில் குடிவந்து இரண்டு வருடம் ஆகிறது. லிஃப்டில் பார்த்தால் சிரிப்போம், அவ்வளவுதான். எதிர் வீட்டுக்காரர் பெயரே வாசலில் கிடந்த பார்சலைப் பார்த்துத்தான் தெரிந்தது. மாமியார், இனிமேல் என்னால் முடியாது என்று தன் கொலு பொம்மைகளை எல்லாம் என்னிடம் கொடுத்துவிட்டார். இந்த வருடம் சின்னதாக மூன்று படி வைத்து அக்கம்பக்கத்தாரைக் கூப்பிட ஆசை. கணவர், வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு மெசேஜ் போட்டுவிடு, வருகிறவர்கள் வரட்டும் என்கிறார். கூப்பிட்டு யாரும் வராவிட்டால் என்ன செய்வது என்று பயமாகவும் இருக்கிறது.
– வாசகி, மேடவாக்கம்

பதில்: குரூப்பில் போடுவதோடு நிறுத்திவிடாதீர்கள், நேரில் போங்கள். குரூப்பில் வரும் அழைப்பை யாரும் தனக்கு வந்த அழைப்பாக எடுத்துக்கொள்வதில்லை. தண்ணீர் லாரி எத்தனை மணிக்கு வரும், பி பிளாக் லிஃப்ட் ஏன் ஓடவில்லை, யாருடைய ஸ்கூட்டர் வழியை அடைத்துக்கொண்டு நிற்கிறது என்ற பேச்சுக்கு நடுவில் உங்கள் கொலுவும் ஒரு வரியாகக் கிடக்கும், நாலு பேர் கும்பிடும் கை போடுவார்கள், அதோடு சரி. அந்தக் காலத்தில் பட்டுப்பாவாடை கட்டிய சின்னப் பெண்கள் கையில் குங்குமச் சிமிழை வைத்துக்கொண்டு வீடு வீடாகப் போய்க் கூப்பிட்டதற்குக் காரணம் இருக்கிறது. வாசலில் வந்து நின்று கூப்பிட்ட ஆளை மறக்க முடியாது, வராவிட்டால் மனசு உறுத்தும்.

84 வீட்டுக்கும் போக வேண்டாம். உங்கள் தளத்தில் இருக்கும் வீடுகள், உங்களுக்கு நேர் மேலேயும் நேர் கீழேயும் இருக்கும் இரண்டு வீடு, பள்ளி வேனுக்குக் காத்திருக்கும்போது கூட நிற்கும் அம்மாக்கள், வாட்ச்மேன் குடும்பம், மாடிப்படி பெருக்க வருகிற அம்மா, இவ்வளவு போதும், பத்துப் பன்னிரண்டு கதவுதான் வரும். கொலு ஆரம்பிக்கும் அன்றைக்கோ மறுநாளோ சாயங்காலம் ஐந்தரைக்கு மேல், சமையல் வேலை தொடங்குவதற்குள் போய்விட்டு வந்துவிடுங்கள். குழந்தை இருந்தால் கூட்டிக்கொண்டு போங்கள், கதவு சீக்கிரம் திறக்கும். “ஒருநாள் வாங்க” என்று மட்டும் சொல்லாதீர்கள். ஒருநாள் என்ற அந்த நாள் வரவே வராது. “நாங்க இந்த மாடியிலதான் இருக்கோம், வீட்ல கொலு வச்சிருக்கோம், வியாழக்கிழமை ஆறரை மணிக்கு அவசியம் வரணும், வீட்ல எல்லாரையும் கூட்டிட்டு வாங்க” என்று கிழமையும் நேரமும் சொல்லிக் கூப்பிடுங்கள். எல்லாரையும் ஒரே நாளில் வரச்சொல்லாமல், ஒரு நாளைக்கு மூன்று நாலு வீடு என்று பிரித்துக்கொண்டால் உட்கார்ந்து பேச இடமும் இருக்கும், நேரமும் இருக்கும்.

யாரும் வராவிட்டால் என்று கேட்கிறீர்களே, நான் முதன்முதலில் கூப்பிட்டது 2013-இல், ஜாபர்கான்பேட்டையில் 12 வீடு இருந்த குடியிருப்பின் கீழ்த்தளத்தில் இருந்தபோது. ஒன்பது வீட்டுக்குப் போய்க் கூப்பிட்டேன், முதல் நாள் வந்தது மூன்று பேர். வந்தார்கள், நன்றாக இருக்கிறது என்றார்கள், நின்றார்கள். யாருக்கும் என்ன பேசுவதென்று தெரியவில்லை, எனக்கும்தான். அப்போது இரண்டாவது மாடியில் இருந்த ஒரு தெலுங்குப் பாட்டி, புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு படிக்குப் பக்கத்தில் குனிந்து பார்த்துவிட்டு, “ஏம்மா, உங்க வீட்ல வாமனருக்கு முன்னாடியே பரசுராமர் பொறந்துட்டாரா?” என்றார். தசாவதார செட்டை நான் மாற்றி அடுக்கியிருந்தேன். அவரே இரண்டு பொம்மையையும் தூக்கி இடம் மாற்றி வைத்தார். பரசுராமரின் கோடாலி உடைந்து பசை போட்டு ஒட்டியிருப்பதைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்து, எங்க வீட்டு நரசிம்மருக்கும் இதே மாதிரி ஒரு கை போச்சு என்றார். அவ்வளவுதான், வந்தவர்கள் எல்லாரும் உட்கார்ந்துவிட்டார்கள். அவரவர் அம்மா வீட்டுக் கொலு, உடைந்த பொம்மை, தொலைந்த பொம்மை என்று பேசிக்கொண்டே எட்டு மணி ஆகிவிட்டது. மறுநாள் நான் சுண்டல் கொடுத்தனுப்பிய எவர்சில்வர் டப்பா திரும்பி வந்தது, உள்ளே கோங்குரா ஊறுகாய். அந்த டப்பா அப்புறம் எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஏறி இறங்கிக்கொண்டே இருந்தது, அது யார் வீட்டு டப்பா என்பதே மறந்துபோகும் அளவுக்கு. 2015 டிசம்பரில் அடையாறு பெருகித் தெருவுக்குள் வந்த ராத்திரி, மாடிப்படியில் நின்று என் பெயரைச் சொல்லிக் கத்திக் கூப்பிட்டது அந்தப் பாட்டிதான். பால் பாக்கெட்டும் மின்சாரமும் இல்லாத நாலு நாள் அவர் வீட்டுக் கூடத்தில்தான் படுத்திருந்தோம். எங்களை அவர் வீட்டில் ஏற்றியது அந்த டப்பாதான் என்று நான் இன்றைக்கும் நம்புகிறேன்.

ஆகவே பொம்மையை எல்லாம் கச்சிதமாக அடுக்கி முடித்துவிட்டுக் கூப்பிட வேண்டும் என்று நினைக்காதீர்கள். கொஞ்சம் வேலையை மிச்சம் வையுங்கள். படிக்குக் கீழே தரையில் பார்க் வைப்போம் இல்லையா, அதை உங்கள் தளத்துக் குழந்தைகளிடம் விட்டுவிடுங்கள். அமாவாசைக்கு நாலைந்து நாள் முன்னால் ஒரு அகலமான தட்டில் மண் பரப்பி வெந்தயமோ கேழ்வரகோ தூவச் சொல்லுங்கள். தினமும் தண்ணீர் தெளிக்க அவர்கள் உங்கள் வீட்டுக்கு ஓடி வருவார்கள், அவர்களைத் தேடிக்கொண்டு அம்மா வருவாள், கொலு தொடங்குவதற்கு முன்னாலேயே உங்கள் வீட்டுக் கதவு திறந்து கிடக்கும். பச்சைப் பசேலென்று முளைத்ததும் அந்தத் தட்டுதான் வயல். கார் பொம்மை, டைனோசர் எது வந்தாலும் பார்க்கில் வைக்கட்டும், விடுங்கள்.

கேள்வி: நானும் கணவரும் வேலைக்குப் போகிறோம். வீடு திரும்ப ஏழு மணி ஆகும். ஒன்பது நாளும் சுண்டல் செய்து ஆட்களைக் கூப்பிடுவது நடக்கிற காரியமில்லை. இருபது பேருக்கு எவ்வளவு கடலை ஊறப்போட வேண்டும் என்பதும் தெரியாது.
– வாசகி, சோழிங்கநல்லூர்

பதில்: ஒன்பது நாளும் நைவேத்தியத்துக்கு ஒரு கிண்ணம் செய்தால் போதும். ஆட்களைக் கூப்பிட மூன்று நாள் வைத்துக்கொள்ளுங்கள்: நடுவில் வரும் வெள்ளிக்கிழமை, ஒரு ஞாயிறு, சரஸ்வதி பூஜை. ஞாயிறு சாயங்காலம் என்றால் ஆண்களும் குழந்தைகளும்கூட வருவார்கள்.

அளவு சொல்கிறேன். கொண்டைக்கடலை அரைக் கிலோ வாங்கினால், ஊறி வெந்த பிறகு ஒரு கிலோவைத் தாண்டும். சின்னத் தொன்னையில் வைத்துக் கொடுத்தால் இருபது பேருக்குச் சரியாக இருக்கும். ராத்திரி படுக்கப் போகும் முன் ஊறப்போடுங்கள், எட்டு மணி நேரம் வேண்டும். காலையில் உப்பைக் குக்கரிலேயே போட்டு வேகவைத்து, தண்ணீரை வடித்து ஃபிரிட்ஜில் வைத்துவிட்டு வேலைக்குப் போகலாம். சாயங்காலம் வந்து கடுகு, உளுத்தம்பருப்பு, காய்ந்த மிளகாய், கறிவேப்பிலை, பெருங்காயம் தாளித்துப் புரட்டினால் பத்து நிமிடம்தான். தேங்காயைக் கடைசியில், ஆட்கள் வந்த பிறகு தூவுங்கள், புழுக்கத்தில் முதலிலேயே போட்டால் சீக்கிரம் ஊசிப்போகும். இரவு ஊறப்போட மறந்துவிட்டால் பதற வேண்டாம், கடலைப்பருப்பு ஒரு மணி நேரத்தில் ஊறிவிடும், பயத்தம்பருப்புக்கு அதுகூட வேண்டாம். பக்கத்து வீட்டு அக்காவிடம் ஒரு நாள் சுண்டலை நீங்கள் செய்யுங்களேன் என்று கேட்டுப் பாருங்கள். சங்கடமே வேண்டாம். வாங்கிக்கொண்டு மட்டும் போவதைவிடத் தானும் ஏதாவது செய்வதில்தான் பலருக்குச் சந்தோஷம்.

கேள்வி: எனக்கு 58 வயது. கணவர் இறந்து ஆறு வருடம் ஆகிறது. எங்கள் தெருவில் நாலைந்து வீட்டில் கொலு வைக்கிறார்கள். முன்பெல்லாம் எல்லா வீட்டிலிருந்தும் கூப்பிடுவார்கள். இப்போது பக்கத்து வீட்டுக்கு வந்து கூப்பிட்டுவிட்டு என் வீட்டைத் தாண்டிப் போகிறார்கள். ஒரு வீட்டில் மட்டும் கூப்பிட்டார்கள், போனேன். எல்லாருக்கும் குங்குமம் கொடுத்துவிட்டு என்னிடம் வந்ததும் அந்தப் பெண் தட்டைப் பிடித்துக்கொண்டு தயங்கி நின்றாள். அவள் மேல் தப்பில்லை. ஆனால் இனிமேல் எங்கும் போகக் கூடாது என்று தோன்றிவிட்டது.
– வாசகி, கும்பகோணம்

பதில்: உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன் அக்கா. அந்தப் பெண் மேல் தப்பில்லை என்று எழுதியிருக்கிறீர்கள், அது உங்கள் பெருந்தன்மை. ஆனால் உங்கள் வீட்டைத் தாண்டிப் போனவர்கள் மேல் தப்பு இருக்கிறது, அதை நான் சொல்லத்தான் வேண்டும். கல்லையும் மண்ணையும் அம்மனாக நினைத்துப் படியில் ஏற்றிக் கும்பிடுகிறோம், பக்கத்து வீட்டில் உயிரோடு இருக்கிற பெண்ணை வாசலோடு நிறுத்துகிறோம். இதை எந்தச் சாஸ்திரத்தின் பெயரில் செய்தாலும் எனக்கு ஒப்பாது.

என் பெரியம்மாவுக்கும் இதுதான் நடந்தது. பெரியப்பா போன பிறகு வந்த நவராத்திரிகளில், வீட்டுக்கு ஆட்கள் வரும் நேரம் பார்த்து அவர் சமையலறைக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொள்வார், யாரும் சொல்லவில்லை, அவராகவே. ஒரு வருடம் தெருக்கோடி வீட்டு டீச்சர் வந்தார், வந்ததும் சுற்றிப் பார்த்துவிட்டு “உங்க அக்கா எங்கே, அவங்க பாட்டைக் கேட்கத்தானே வந்தேன்” என்று நேராக உள்ளே போய்க் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்து ஜமக்காளத்தில் தன் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார். பெரியம்மாவுக்கு முதல் வரி குரல் வரவில்லை, இரண்டாவது வரியில் வந்துவிட்டது. போகும்போது டீச்சர் குங்குமச் சிமிழைத் திறந்து பெரியம்மா முன்னால் நீட்டினார், பூவையும் நீட்டினார். பெரியம்மா பூவை மட்டும் எடுத்துக்கொண்டார். அடுத்த வருடம் இரண்டையும் எடுத்துக்கொண்டார்.

கொலு வைக்கிறவர்களுக்குச் சொல்கிறேன், தட்டை எல்லாரிடமும் ஒரே மாதிரி நீட்டுங்கள். எடுப்பதும் எடுக்காததும் அவரவர் விருப்பம், அதை நாம் முடிவு செய்யக் கூடாது. தயங்கி நிற்கும் அந்த இரண்டு நொடி இருக்கிறதே, அது ஒருத்தரைப் பல வருடம் வீட்டுக்குள் உட்கார வைத்துவிடும்.

உங்களுக்கு ஒன்று சொல்லட்டுமா? இந்த வருடம் நீங்கள் கொலு வையுங்கள். மூன்று படி போதும். உங்களைத் தாண்டிப் போனார்களே, அவர்களையும் சேர்த்துக் கூப்பிடுங்கள். தயங்கி நின்ற அந்தப் பெண்ணை முதலில் கூப்பிடுங்கள், அவள் வருவாள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது, அன்றைக்கு வீட்டுக்குப் போய் அவளும் தூங்கியிருக்க மாட்டாள்.

கேள்வி: எங்கள் குடும்பத்தில் கொலு வைக்கும் வழக்கமே கிடையாது. ஆறாம் வகுப்புப் படிக்கும் மகள் தோழி வீட்டில் பார்த்துவிட்டு வந்து நச்சரிக்கிறாள். அதெல்லாம் நம்ம வழக்கமில்லை என்று என் அம்மா சொல்கிறார். வைக்கலாமா?
– வாசகர், தேனி

பதில்: தாராளமாக வையுங்கள். கொலு எந்த ஒரு சாதிக்கும் பட்டா போட்டுக் கொடுத்தது இல்லை. படி ஒற்றைப்படையில் இருக்க வேண்டும் என்பார்கள், ஒரு படிகூட ஒற்றைப்படைதான். டிரங்குப் பெட்டி மேல் வெள்ளை வேட்டியை விரித்தால் படி தயார். வருடத்துக்கு ஒரு புது பொம்மை வாங்குவதுதான் வழக்கம், அதனால் ஒன்றிரண்டில் தொடங்குவதில் குறைவே இல்லை. உங்கள் ஊரிலிருந்து மதுரை பக்கம்தானே, விளாச்சேரிக்கு ஒரு நடை மகளைக் கூட்டிக்கொண்டு போங்கள். அங்கே தெருவில் வீட்டுத் திண்ணையிலேயே களிமண் பொம்மை செய்கிறார்கள், வர்ணம் பூசுவதைக் கிட்டே நின்று பார்க்கலாம். உங்கள் அம்மாவை மகளே போய், பாட்டி முதல் பொம்மையை நீங்கதான் வைக்கணும் என்று கேட்கட்டும், மறுக்க மாட்டார்.

கேள்வி: பெங்களூருக்கு மாற்றலாகி வந்திருக்கிறோம். எங்கள் தளத்தில் எல்லாரும் கன்னடம், ஒரு வீடு தெலுங்கு. கன்னடம் எனக்கு அரைகுறைதான். கொலுவுக்குக் கூப்பிட்டால் என்னவென்று புரிந்துகொள்வார்களா?
– வாசகி, பெங்களூரு

பதில்: உங்களைவிட நன்றாகவே புரிந்துகொள்வார்கள். பழைய மைசூர்ப் பக்கத்தில் தசராவுக்குப் பொம்மை வைப்பது பெரிய வழக்கம், கொம்பெ ஹப்ப என்பார்கள். தெலுங்கில் பொம்மல கொலுவு, சில வீடுகளில் அதைச் சங்கராந்திக்கு வைப்பதும் உண்டு. நம் வீட்டு மரப்பாச்சி மாதிரியே அவர்களுக்கும் ராஜா ராணி ஜோடி உண்டு, பட்டத கொம்பெ என்று பெயர், கல்யாணத்தில் பெண்ணுக்குக் கொடுத்தனுப்புவார்கள். எதிர் வீட்டு அம்மாவிடம் போய் “உங்க வீட்ல பட்டத கொம்பெ இருக்கா, காட்டுறீங்களா” என்று அரைகுறைக் கன்னடத்திலேயே கேளுங்கள். பரணிலிருந்து பெட்டி இறங்கும். சன்னபட்டணா பக்கம்தான், மரத்தைக் கடைந்து அரக்குச் சாயம் ஏற்றிய பொம்மை இரண்டு வாங்கி உங்கள் படியில் வையுங்கள், பார்க்கிறவர்களுக்கு அது போதும், நம்ம ஊர் பொம்மை என்று கையில் எடுத்துவிடுவார்கள்.

கேள்வி: எதிர் வீட்டில் ஒரு முஸ்லிம் குடும்பம். நல்ல மாதிரி. கொலுவுக்குக் கூப்பிட்டால் தர்மசங்கடப்படுவார்களோ என்று போன வருடம் விட்டுவிட்டேன். ஆனால் ரம்ஜானுக்கு அவர்கள் நோன்புக் கஞ்சி கொடுத்தார்கள். குற்ற உணர்ச்சியாக இருக்கிறது.
– வாசகி, திருச்சி

பதில்: கூப்பிடுங்கள். கூப்பிடாமல் விட்டால், மற்ற வீட்டுக்கெல்லாம் போனவள் நம் வீட்டை விட்டுவிட்டாள் என்றுதான் அவர்களுக்குத் தோன்றும், உங்கள் நல்ல எண்ணம் கதவுக்கு வெளியே தெரியாது. சொல்ல வேண்டியதை மறைக்காமல் சொல்லிவிடுங்கள்: “கொலு வச்சிருக்கோம், பிள்ளைங்களோட பொம்மை பார்க்க வாங்க. சாமிக்குப் படைச்சதை நீங்க சாப்பிடுவீங்களான்னு எனக்குத் தெரியல, அதனால படைக்கிறதுக்கு முன்னாடியே உங்களுக்குத் தனியா எடுத்து வைக்கிறேன்.” சாப்பிடுகிறவர்களும் உண்டு, சாப்பிடாதவர்களும் உண்டு, கேட்டுவிட்டால் இரண்டு பக்கமும் நிம்மதி. குங்குமத்துக்குப் பதில் பூவும் பழமும் கொடுங்கள். வரவில்லை என்றாலும் சுண்டலை டப்பாவில் போட்டுக் கொண்டுபோய்க் கொடுங்கள், வராததைப் பற்றி ஒரு வார்த்தை கேட்காதீர்கள்.

கஞ்சி பற்றியும் ஒன்று. அரிசி, பயத்தம்பருப்பு, வெந்தயம், இஞ்சி பூண்டு, தேங்காய்ப்பால், புதினா எல்லாம் சேர்ந்து குழைந்து வரும் அந்தக் கஞ்சிக்காக நோன்பு மாதத்தில் பள்ளிவாசல் வாசலில் தூக்குவாளியோடு எல்லா மதத்துப் பிள்ளைகளும் நிற்பதை உங்கள் ஊரில் நீங்களே பார்த்திருப்பீர்கள். சில இடத்தில் கறி போடுவார்கள். நீங்கள் சைவம் என்றால் வாங்கும்போதே கேட்டுவிடுங்கள், அவர்கள் தப்பாக நினைக்க மாட்டார்கள், கறி போடாமல் தனியாக எடுத்து வைத்துக் கொடுப்பார்கள். வாங்கி வைத்துக்கொண்டு யாருக்கும் தெரியாமல் கொட்டுவதுதான் பாவம். அவர்கள் பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்கும்போது வெறும் பாத்திரமாகக் கொடுக்காதீர்கள். நாலு வாழைப்பழம், கொஞ்சம் சர்க்கரை, தோட்டத்தில் பறித்த கறிவேப்பிலை, எதுவானாலும் சரி.

கேள்வி: எங்கள் குடியிருப்பில் கொலு என்றாலே ரிட்டர்ன் கிஃப்ட் போட்டியாகிவிட்டது. ஒருவர் ஸ்டீல் டப்பா கொடுத்தால் அடுத்தவர் வெள்ளி முலாம் கிண்ணம். என் வருமானத்துக்கு முப்பது பேருக்கு வாங்கிக் கொடுக்க முடியாது. அதனால் இரண்டு வருடமாகக் கொலு வைப்பதையே நிறுத்திவிட்டேன்.
– வாசகி, கோயம்புத்தூர்

பதில்: இதைப் படித்து எனக்குக் கோபமே வந்தது, உங்கள் மேல் இல்லை. இரண்டு வெற்றிலை, பாக்கு, மஞ்சள், ஒரு பழம், முடிந்தால் ஒரு ரவிக்கைத் துணி, இதற்குப் பெயர்தான் தாம்பூலம். இதை யார் வேண்டுமானாலும் கொடுக்க முடியும், யார் வேண்டுமானாலும் கூச்சமில்லாமல் வாங்கிக்கொள்ள முடியும், அதனால்தான் இத்தனை காலம் ஓடியது. விலை ஏறியதும் முதலில் நின்றுபோவது உங்களைப் போன்றவர்கள் வீட்டுக் கொலுதான். வாட்ச்மேன் மனைவிக்கு ஒரு பொருள், மற்றவர்களுக்கு ஒரு பொருள் என்று இரண்டு பை கட்டி வைக்கிற கொடுமையும் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

இந்த வருடம் மறுபடி வையுங்கள், வெற்றிலை பாக்கு பழம் மட்டும் கொடுங்கள். விளக்கம் எதுவும் சொல்ல வேண்டாம். கொலு வைக்கிற மற்ற வீடுகளில் மனசுக்கு நெருக்கமான ஒருவரிடம் மட்டும் போய், நாம ரெண்டு பேரும் இனிமே தாம்பூலத்தோட நிறுத்திக்கலாமா என்று கேளுங்கள். அவரும் யாராவது இதைச் சொல்ல மாட்டார்களா என்றுதான் காத்திருப்பார். கையில் கொஞ்சம் பணம் இருக்கிறவர்கள், முப்பது பிளாஸ்டிக் கூடைக்குப் போடும் காசில் பண்ருட்டியிலோ காஞ்சிபுரத்திலோ செய்த நல்ல மண் பொம்மை ஒன்று வாங்கலாம். வருடம் முழுக்க மழைக்கும் வெயிலுக்கும் பார்த்துப் பார்த்துச் செய்கிறவர்கள், இந்த ஒரு சீசனை நம்பித்தான் இருக்கிறார்கள்.

கேள்வி: எனக்கு 71 வயது. மனைவி இறந்து இரண்டு வருடம் ஆகிறது. மகன் வெளிநாட்டில். அவள் நாற்பது வருடம் சேர்த்த பொம்மைகள் பரணில் இருக்கின்றன. எடுத்துப் பார்க்கவும் தைரியம் இல்லை, யாருக்காவது கொடுத்துவிடவும் மனம் இல்லை. ஆண் பிள்ளை தனியாக இருக்கும் வீட்டில் கொலு வைத்தால் யார் வருவார்கள்? ஊரார் என்ன நினைப்பார்கள்?
– வாசகர், ஸ்ரீரங்கம்

பதில்: ஐயா, வையுங்கள். துக்கம் நடந்த வருடம் கொலு வைக்காமல் விடுவார்கள், உங்களுக்கு அது தாண்டிவிட்டது. ஆண் வைக்கக் கூடாது என்று ஒன்றும் இல்லை. இத்தனை வருடம் பரணில் ஏறிப் பெட்டியை இறக்கியது யார், பலகையும் டின்னும் அடுக்கிப் படி கட்டியது யார், சீரியல் பல்பு தொங்கவிட்டது யார்? நீங்களாகத்தான் இருந்திருப்பீர்கள்.

ஆனால் பெட்டியைத் தனியாகத் திறக்காதீர்கள். பக்கத்து வீட்டில் போய், “பொம்மையெல்லாம் இறக்கணும், ஒத்தாசைக்குப் பசங்களைக் கொஞ்சம் அனுப்புறீங்களா” என்று கேளுங்கள். கொலுவுக்கு வாருங்கள் என்று கூப்பிட உங்களுக்குக் கூச்சமாக இருக்கலாம், உதவி கேட்கக் கூச்சம் இருக்காது, அதுவும் அழைப்புத்தான். பசங்களோடு அவர்கள் அம்மாவும் வந்து நிற்பாள். மண் பொம்மையைத் தண்ணீரில் கழுவவோ ஈரத்துணியால் துடைக்கவோ விடாதீர்கள், வர்ணம் போய்விடும், மெல்லிய பிரஷ்ஷால் தூசியைத் தட்டினால் போதும். ஒவ்வொரு பொம்மையையும் பழைய புடவைக் கிழிசலிலோ பேப்பரிலோ அவர் சுற்றி வைத்திருப்பார். அந்தப் புடவையைப் பார்த்ததும் உங்களுக்கு என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும், அதற்காகத்தான் கூட ஆள் வேண்டும் என்கிறேன். சுற்றியிருந்த துணியையும் தாளையும் தூக்கிப் போடாமல் பெட்டியிலேயே வைக்கச் சொல்லுங்கள், எது எந்தப் பொம்மையுடையது என்று திரும்பச் சுற்றும்போது தெரிய வேண்டும்.

சுண்டல் உங்களுக்குச் செய்ய வராவிட்டால் கவலை வேண்டாம், அந்த அம்மாவிடம் கடலையை வாங்கிக் கொடுத்துவிடுங்கள், அல்லது கற்கண்டும் பழமும் போதும். ஒரு பொம்மையை எங்கே வாங்கியது, எந்த வருடம், யார் கூட வந்தது என்பதெல்லாம் உங்களுக்கு மட்டும்தான் தெரியும். வருகிற பிள்ளைகள் கேட்பார்கள், சொல்லுங்கள். விஜயதசமி ராத்திரி ஒரு பொம்மையைப் படுக்க வைக்க வேண்டும் இல்லையா, அந்தப் பிள்ளைகளையே கூப்பிட்டு எந்தப் பொம்மை என்று அவர்களைத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். மறுநாள் பெட்டி கட்டும்போது பரணில் நீங்கள் ஏற வேண்டாம். 71 வயதாகிறது, பசங்கள் ஏறட்டும்.